இப்போதைக்கு இருக்கட்டுங்க

அவருடைய பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. தேயிலை விலை சரிந்து கிடந்த அந்த வருடங்களில் குன்னூரில் எங்கள் ஆபீசுக்கு வந்துபோன யாரிடமாவது "இப்போதைக்கு சார்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தரம் சிரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

எங்கள் ஆபீஸ் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ரயில் பாலத்தில் ஏறுவதுபோல் சத்தம் போடும் ஒரு பிரின்டர். ஆட்களும் மூன்றே பேர். முதலாளி அதற்கு முன்னால் டைப்ரைட்டர் விற்றவர். டைப்ரைட்டர் வாங்க ஆள் இல்லாமல் போனதும் கம்ப்யூட்டர் பக்கம் தாவினார். இரண்டாவது ஆள் நம்ம சார், ப்ரோக்ராம் எழுதுகிறவர். மூன்றாவது நான். நான் அதற்கு முன்னால் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வாராவாரம் ஏலப் பட்டியலை ஸ்டென்சிலில் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இவர்கள் இரண்டு பேரும் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள், என் வேலை போனது. பட்டியலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை என்பதால் அவர்களே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலையைப் பறித்தவர்களிடம்தான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன்.

அந்தப் பட்டியல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுற்று வட்டாரத்து ஃபேக்டரிகள் தங்கள் தேயிலைத் தூளை ஏலத்துக்கு அனுப்பும். எந்த ஃபேக்டரி, என்ன ரகம், எத்தனை மூட்டை என்று வரிசையாக அச்சடித்த பட்டியல் வாங்குகிறவர்கள் கையில் இருந்தால்தான் ஏலம் நடக்கும். வியாழக்கிழமை ஏலம் என்றால் புதன்கிழமை நாலு மணிக்குள் பட்டியல் எங்கள் பிரின்டரை விட்டு இறங்கியாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத தூளை அந்த வாரம் யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்த ஃபேக்டரிக்கு இலை போட்ட விவசாயி வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

சாரைப் பார்த்தால் ப்ரோக்ராம் எழுதுகிறவர் மாதிரி இருக்காது. சமவெளிக்காரர், குளிர் ஒத்துக்கொள்ளாது. ஏப்ரல் மாதத்திலும் மங்கி கேப் போட்டிருப்பார். யோசனை ஓடும்போது குல்லாவை இழுத்துப் புருவம் வரைக்கும் விடுவார். வேலை முடிந்ததும் குல்லாவை மேலே தள்ளி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, "இப்போதைக்கு இருக்கட்டுங்க மேடம். அப்பறம் சுத்தமாப் பண்ணிக்கலாம்" என்பார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இதைக் கேட்டிருப்பேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இருக்காது. விருந்தாளி வருகிற நேரத்தில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்கிறவர் முகம் மாதிரி இருக்கும்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்தவர்களில் அவரளவு பாடுபட்டவர் கிடையாது. சரியாகச் செய்யும் வழி என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்தே தப்பான வழியில் செய்வார், செய்துவிட்டு வருத்தப்படுவார், வருத்தத்தை ஒரு நோட்டில் எழுதியும் வைப்பார். அந்த நோட்டின் அட்டையில் "அப்பறம்" என்று எழுதியிருக்கும். பின்னால் திருத்த வேண்டியவை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நான் சேர்ந்தபோது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதல் பக்கத்தில் முதல் வரி: "முதல் இரண்டு நோட்டையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்."

அவர் ப்ரோக்ராமை முதன்முதலாகத் திறந்து பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பட்டியல் என்று ஒரு ஃபைல் இருந்தது. பக்கத்தில் பட்டியல் புதுசு. அதற்குப் பக்கத்தில் பட்டியல் புதுசு இரண்டு, பட்டியல் கடைசி, பட்டியல் நிஜமாகவே கடைசி. இவற்றில் எது ஓடுகிறது என்று கேட்டேன். குல்லாவைச் சொறிந்துகொண்டு, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஓடுகிறது என்றார். உள்ளே போனால் நடுநடுவே தனக்குத்தானே குறிப்பு எழுதி வைத்திருந்தார், தமிழைத்தான் ஆங்கில எழுத்தில். "இங்க கை வெக்காதீங்க. ஏன்னு தெரியல, ஆனா ஓடுது" என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே போனால், "மேல கை வெச்சுட்டேன். தப்பு."

இந்த நிலைமைக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொன்னால் பாவம். தேயிலை விலை கிடுகிடுவென்று இறங்கிய காலம். ஃபேக்டரிக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இருக்கிற வாடிக்கையாளரில் ஒருவர் போனாலும் எங்கள் மூன்று பேரில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் முதலாளிக்கு இல்லை என்ற சொல் வாயிலிருந்து வராது. யார் எதைக் கேட்டாலும், "அது சின்ன வேலைதானுங்களே, ஒரு பொத்தான் வெச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கூலாகத் திரும்பி வருவார். வாடிக்கையாளரும் திரையில் தெரிகிற பொத்தானைத்தான் பார்ப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பாரா என்ன? உள்ளே கூட்டிப் பெருக்க ஒரு மாதம் வேண்டும் என்று சார் முதலாளியிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். பெருக்கி முடித்தால் ப்ரோக்ராம் என்ன புதிதாகச் செய்யும் என்று முதலாளி கேட்பார். இப்போது செய்வதையேதான் செய்யும் என்பார் சார். முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பொத்தான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. குன்னூரில் ஒரு கல்யாண விருந்தில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாளி ஒரு பெரிய ஃபேக்டரிக்காரரிடம், எங்கள் ப்ரோக்ராம் ஃபேக்டரி ஃபேக்டரியாகப் பழைய ஏலங்களை எல்லாம் ஒப்பிட்டு அறிக்கை கொடுக்கும் என்று அளந்துவிட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. திங்கட்கிழமை அவர் பார்க்க வருகிறார். சனிக்கிழமை காலையில்தான் சாருக்கு விஷயம் தெரிந்தது. சார் திரையில் ஒரு அழகான பொத்தான் வைத்தார். அழுத்தினால், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று வரும். அவ்வளவுதான் அது செய்யும். அது வந்ததும் பின் அறையில் இருக்கும் நான் பழைய பட்டியல்களைப் புரட்டி, கையால் அறிக்கையை அடித்து, பிரின்டரில் விட வேண்டும். ஃபேக்டரிக்காரர் பிரமித்துப் போனார். கொஞ்சம் நேரமானாலும் தப்பில்லாமல் வருகிறதே என்றார். இப்போதைக்கு என்று ஆரம்பித்த அந்த ஏற்பாடு நாலு மாதம் ஓடியது. நாலு மாதமும் அந்த மென்பொருளின் சிறப்பு அம்சம் நான்தான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டதும் அறிக்கை வரவில்லை. மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று முதலாளி போனில் சொன்னாராம். அதுவரை அவர் சொன்னதில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது.

ஆனால் சாரின் கைவரிசையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் அண்ணன் தம்பி விவகாரத்துக்குத்தான் வர வேண்டும்.

எமரால்டு பக்கம் ஒரு ஃபேக்டரி. இரண்டு சகோதரர்களுடையது. சண்டை வந்து, மெஷினைப் பிரிக்க முடியாததால் பெயரைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே ஃபேக்டரியில் ஓடுகிற தூளை அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி ஒரு பெயரிலும் ஏலத்துக்கு அனுப்பினார்கள். பட்டியலில் முன்னால் வருகிற தூளுக்குத்தான் வாங்குகிறவர்கள் தெம்பாகக் கை தூக்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. யார் முன்னால் என்று அடுத்த சண்டை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, ஒரு வாரம் அண்ணன் முன்னால், மறு வாரம் தம்பி முன்னால் என்று தீர்த்து வைத்தார்கள். தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு எங்கள் ப்ரோக்ராம் தலையில் விழுந்தது.

போன வாரம் யார் முன்னால் வந்தார் என்பதை ப்ரோக்ராம் நினைவு வைத்துக்கொண்டு இந்த வாரம் மாற்ற வேண்டும், அதுதான் சரியான வழி என்று சார் எனக்கு விளக்கினார். ஆனால் எங்கள் ப்ரோக்ராமுக்கு ஞாபகசக்தியே கிடையாது. அதைக் கொடுக்க ஒரு வாரம் ஆகும். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடியுமா என்றார். குல்லா புருவத்துக்கு இறங்கியது. ஏலங்களுக்கு ஜனவரி முதல் வரிசையாக எண் உண்டு, முதல் ஏலம், இரண்டாம் ஏலம் என்று. ஒற்றைப்படை எண் வந்தால் அண்ணன், இரட்டைப்படை வந்தால் தம்பி என்று எழுதிவிட்டு, சார் சாப்பிடப் போய்விட்டார். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கே அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

சில வருடங்களில் ஐம்பத்து மூன்று வியாழக்கிழமை வரும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அப்படி ஒரு வருடம் வந்தது. ஐம்பத்து மூன்றாவது ஏலம் ஒற்றைப்படை, அண்ணன் முன்னால். அடுத்த வாரம் புது வருடத்தின் முதல் ஏலம், அதுவும் ஒற்றைப்படை, மறுபடியும் அண்ணன் முன்னால். வெள்ளிக்கிழமை காலையில் தம்பி நாலு பேரோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அண்ணனிடம் நாங்கள் என்னமோ வாங்கிக்கொண்டோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். சார் அவருக்கு ஒற்றைப்படை இரட்டைப்படை எல்லாம் பொறுமையாக விளக்கினார். கேட்டுவிட்டுத் தம்பி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "ஏனுங்க, நாங்க பங்காளிச் சண்டைய ஊர்ல வெச்சுத் தீத்துக்கிட்டோம். நீங்க அதக் கணக்குப் பாடத்துல கொண்டுபோயி சேத்துட்டீங்களே."

அடுத்த வாரம் உங்களுக்குத்தான் முன்னால் என்று சமாதானம் சொன்னால், இரண்டாவது வாரம் எப்படியும் என்னுடையது, எனக்குச் சேர வேண்டிய முதல் வாரம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் தம்பி முன்னால் என்று ஆனது. அதன்பிறகு ஒற்றைப்படை எல்லாம் தம்பிக்கும் இரட்டைப்படை எல்லாம் அண்ணனுக்கும் புரண்டுவிட்டது, அந்த ஒரு இரண்டாம் வாரத்தைத் தவிர. அதற்கும் ஒரு வரி எழுதினார். அடுத்த ஐம்பத்து மூன்று வரும்போது மறுபடி புரள வேண்டும் என்பதற்கும் ஒரு வரி. அண்ணன் தம்பி என்று தனியாக ஒரு ஃபைலே உருவானது. இவ்வளவும் ஆன பிறகு அண்ணன் மகள் கல்யாணத்தில் சகோதரர்கள் ராசியாகிப் பெயரை ஒன்றாக்கிவிட்டார்கள். எங்கள் ப்ரோக்ராமில் மட்டும் அவர்கள் ஒன்று சேரவே இல்லை. அந்த ஃபைலை எடுத்தால் மூன்று ஃபேக்டரிகளின் மூட்டை எண்ணிக்கை தப்பாக வந்தது. ஏன் என்று சாருக்கும் தெரியவில்லை. "அப்பறம்" நோட்டில் ஒரு வரி கூடியது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. சாரின் மனைவிக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவரும் சின்ன மகளும் அங்கே இருந்தார்கள். இவர் குன்னூரில் ஒரு லாட்ஜ் அறையில். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் மலை இறங்குவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவார். ஏழு வருடம் போய்வந்தும் மேட்டுப்பாளையம் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகள் அவருக்குப் பழகவில்லை. பாதி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறி இறங்குவார். திங்கட்கிழமை பதினோரு மணி வரைக்கும் முகம் வெளுத்துப்போய் இருக்கும், யாரும் அவரிடம் பேச மாட்டோம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. தை மாதம் முடிவதற்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதலாளி தடுக்கவில்லை. வேறு யாரும் ஓட்டுகிற மாதிரி ப்ரோக்ராமை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அது அநியாயமான கோரிக்கை இல்லை. ஒரு புதன்கிழமை பட்டியல் வராமல் போனால் அந்த ஏலக் கம்பெனி எங்களை விட்டுவிடும், அதோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் ஒழுங்கு பண்ண ஒரு மாதம் வேண்டும், அந்த ஒரு மாதம் கிடைக்காது. சார் செய்த ஒவ்வொரு "இப்போதைக்கு"வும் சேர்ந்து அவரையே அந்த நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டது. எந்த வரி எங்கே இருக்கிறது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் அந்த ஒரு மாதத்தைக் கொடுத்தது தேயிலைச் சரிவுதான். விலை அடிமட்டத்துக்குப் போய், இலை வரத்துக் குறைந்து, பாதி ஃபேக்டரிகள் வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தன. புதிதாகப் பொத்தான் கேட்க யாருக்கும் மனசு இல்லை. சார் உற்சாகமாகப் புதுசு என்று ஒரு இடம் திறந்து, அடிமுதல் எழுத ஆரம்பித்தார். அந்த மாதம்தான் அவர் குல்லாவைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டுவார். எனக்கே புரிந்தது, அவ்வளவு தெளிவு. மூன்றாவது வாரம் பழைய ஒரு ஏலத்தின் விவரங்களைப் புதுசில் ஓட்டிப் பார்த்தோம். பட்டியல் அச்சுக்கோத்த மாதிரி வந்தது. பார்த்தால் அதில் பதினொரு ஃபேக்டரி தப்பு.

ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒரு ஃபேக்டரியின் ரகத்துக்கு வாங்குகிறவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அது பழைய ப்ரோக்ராமுக்குத் தெரியும். கோத்தகிரிப் பக்கம் ஒரே பெயரில் இரண்டு ஃபேக்டரி உண்டு, அதுவும் பழையதற்குத் தெரியும். மழையில் நனைந்த மூட்டையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று ஏலக் கம்பெனி எப்போதோ வாய்வார்த்தையாகச் சொன்னதும் தெரியும். குப்பை என்று நாங்கள் நினைத்த வரிகளில் பாதி, யாரோ ஒருவர் மாடிப்படி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போன விஷயம். சார் ஒவ்வொன்றாகப் புதுசில் சேர்த்தார். மாதக் கடைசியில் புதுசுக்குப் பக்கத்தில் புதுசு இரண்டு வந்தது. அடுத்த நாள் குல்லாவும் தலைக்கு வந்தது. இதற்குள் மழை பெய்து, இலை வந்து, போன் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. புதுசு பாதியில் நின்றது, பழையதே ஓடியது.

தை முடிய ஒரு வாரம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"பம்ப் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கறனுங்க மேடம். பாப்பாவும் அவளும் இப்போதைக்கு அங்கயே இருக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் குந்தா பவர்ஹவுசில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் வருவார், துவைக்கிற துணியைக் கொடுத்துவிட்டுத் துவைத்ததை எடுத்துக்கொண்டு போவார். நாங்களும் கல்யாணமான வருடம் இப்போதைக்கு என்றுதான் ஆரம்பித்தோம். பையன் அப்போது எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான், அப்பாவைப் பார்த்தால் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுவான். இதெல்லாம் நான் யாரிடமும் சொல்லி அழுதது கிடையாது. அன்றைக்கு அந்த மனிதர் குழாயடியில் நின்றுகொண்டு பெண்டாட்டி பிள்ளையையும் அந்த நோட்டில் எழுதப் பார்க்கிறாரே என்று நெஞ்சு எரிந்தது.

"ஃபைலுக்குச் சொல்ற வார்த்தைய ஊட்டுக்குச் சொல்லாதீங்க சார்," என்றேன். "பாப்பா அப்பறம் வரைக்கும் சின்னதாவே இருக்குமுங்களா?"

குழாயைச் சாத்தாமல் நின்றார். நானே போய்ச் சாத்திவிட்டு நேராக முதலாளியிடம் போனேன். ப்ரோக்ராம் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது, சாரை அனுப்பலாம், பட்டியலுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். அவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் சொன்னதில்லை. முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் பெண்ணைப் பெற்றவர்தான். சரி என்றார். சார் மூன்று நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு, தை கடைசி சனிக்கிழமை எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறினார். முதல் இரண்டு நோட்டும் கிடைத்திருந்தன, பிரின்டருக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

அடுத்து வந்த புதன்கிழமையே வந்தது வினை. ஒரு வருடமாக மூடிக் கிடந்த ஒரு ஃபேக்டரியை யாரோ குத்தகைக்கு எடுத்துத் திறந்திருந்தார்கள். ஊரே சந்தோஷப்பட்ட விஷயம். அவர்களுடைய முதல் தூள், ஏழு லாட், அதாவது பட்டியலில் ஏழு வரி, அந்த வாரம் ஏலத்துக்கு வந்தது. விவரங்களை எல்லாம் நானே ஏற்றினேன். பட்டியல் அச்சாகி வந்தால் அந்த ஃபேக்டரியைக் காணோம். மூடியபோது, அந்தப் பெயர் வந்தால் விட்டுவிட்டுப் போ என்று சார் எழுதியிருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது. எங்கே எழுதினார் என்று தேடினேன். ஆறு இடத்தில் இருந்தது. ஆறையும் எடுத்தேன், அப்போதும் வரவில்லை. மணி மூன்றே கால். அந்த ஃபேக்டரிக்காரர் தன் ஃபேக்டரியின் பெயரை முதன்முதலாக அச்சில் பார்க்க எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி புதுசு. இலை போட்ட ஆட்கள் சனிக்கிழமை காசுக்கு வந்து நிற்பார்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

முதலாளி போனை எடுத்தார். சாரைக் கூப்பிடலாம், ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடப் போகிறார் என்றார். ஒரு வார்த்தையில் அவர் நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். போனில் விளக்க முடியாமல் தவிப்பார், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே லீவு சொல்வார், பஸ் ஏறிவிடுவார். ஒரு தடவை ஏறினால் அடுத்த புதனும் ஏறுவார். நான் போன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். முதலாளியின் கையைத் தொட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ப்ரோக்ராமைத் திறந்தேன். பட்டியல் அச்சாகும் இடத்தில், இந்த ஃபேக்டரிக்கு அடுத்து இந்த ஏழு வரியையும் அப்படியே அடி என்று, பெயரையும் ரகத்தையும் மூட்டையையும் கையாலேயே ப்ரோக்ராமுக்குள் எழுதினேன். அதைவிட அசிங்கமாக ஒருவர் எழுத முடியாது. அடுத்த வாரம் அதைக் கையாலேயே மாற்ற வேண்டும், அதற்கடுத்த வாரமும். மூன்று ஐம்பதுக்குப் பட்டியல் வந்தது. ஃபேக்டரிக்காரர் தன் ஃபேக்டரி இருக்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனார்.

ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. சார்தான். பின்னால் பாப்பா ஏதோ பாட்டைத் தப்பும் தவறுமாகக் கத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமையாச்சே, சும்மா கேட்கலாம் என்று கூப்பிட்டேன் என்றார். பட்டியல் போய்விட்டதா என்று கேட்டார். நாலு மணிக்கு முன்னாலேயே போய்விட்டது, சுத்தமாக ஓடுகிறது என்றேன்.

பாப்பாவின் பாட்டு மட்டும் கேட்டது.

"எங்கீங்க மேடம் கை வெச்சீங்க?" என்றார்.

"சொல்ல மாட்டேனுங்க சார். சொன்னா நீங்க பஸ் ஏறிருவீங்க."

பாப்பா, யாருப்பா அது என்று கேட்டது. ஆபீஸ்ல இருந்து கண்ணு, பேசி முடிச்சுட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.